மேலப்பக்கம்

செயற்கைக்கோள்கள் பொய் சொல்கின்றன என்பதை மக்கள் முதலில் தங்கள் போனில்தான் கண்டுபிடித்தார்கள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவருடைய போன், அவர் கடலுக்குள் நிற்பதாகக் காட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். படம் எடுத்துப் போட்டார்கள். அதே பொய் விமானங்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எங்கோ தூரக் கடலில் இரண்டு நாடுகளுக்குச் சண்டை. ஒருவர் ஏவுகணையை இன்னொருவர் திசைதிருப்பப் போலி சிக்னல்களை வானத்தில் அள்ளி விடுகிறார்கள். அது எல்லை பார்த்தா நிற்கும்? நம் தலைக்கு மேலேயும் வந்துவிட்டது. பெரிய விமானங்களில் இதைச் சமாளிக்க விலை உயர்ந்த கருவிகள் இருக்கின்றன. சின்ன விமானங்களுக்கு முன்பெல்லாம் தரையில் ரேடியோ கம்பங்கள் வழி சொல்லும். செயற்கைக்கோள் இருக்கும்போது இந்தக் கம்பம் எதற்கு என்று பல ஊர்களில் அதைப் பிடுங்கிவிட்டார்கள். திரும்ப நட்டு முடிக்க வருடங்கள் ஆகும்.

அதுவரைக்கும் என்ன செய்வது? காதுதான்.

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் வேலை செய்தது. பகல் முழுக்க வீட்டிலேயே இருப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பீடி சுற்றும் பெண்கள், தையல் மிஷின் போட்டிருப்பவர்கள், கண் தெரியாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள். அவர்கள் வீடு எங்கே இருக்கிறது என்று முதலிலேயே அளந்து வைத்துக்கொண்டு, கதவில் ஒரு நீல ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஸ்டிக்கரில் ஒரு காது. விமானச் சத்தம் கேட்டால் போன் போட்டு, எந்தப் பக்கம் கேட்கிறது என்று அவரவர் பேச்சில் சொன்னால் போதும். கம்ப்யூட்டர் அதைப் புரிந்துகொண்டு, நாலைந்து பேர் சொன்னதைச் சேர்த்து, விமானம் எங்கே என்று கணக்குப் போட்டுவிடும். இவர்களைக் காதுக்காரர்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

தூத்துக்குடியில் இருந்த கேட்பு மையத்தில் அந்தக் கணக்கைப் பார்த்து விமானிகளுக்கு வழி சொல்லும் வேலை ஜெசிந்தாவுக்கு. பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள். சென்னையை விட்டு இங்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அவள் கணவன் ஆரோன் ஓட்டிவந்த சரக்கு விமானம் போன ஐப்பசியில் ஒரு மழை நாளில் காணாமல் போனது. கடைசியாக அது இருந்ததாகத் திரையில் தெரிந்த இடம் மணப்பாடுக்குக் கிழக்கே, கடல். கப்பல் விட்டுத் தேடினார்கள். ஒரு போல்ட் கூடக் கிடைக்கவில்லை. சர்ச்சில் சவப்பெட்டி இல்லாமல் பூசை நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மேல போயிட்டாரும்மா, நல்ல இடத்துலதான் இருப்பாரு" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கடற்கரைக்குப் போய்க் கிழக்கே பார்த்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். காற்று அதை உடனே அணைத்துவிடும். அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்பாள்.

அவளுக்குப் பக்கத்து மேஜை பரணிதரன். கம்ப்யூட்டருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது இவன் தலைமையில் இருந்த குழு. நல்ல பையன். ஜெசிந்தா சாப்பிடாமல் இருந்தால் தன் டிபன் பாக்ஸைத் திறந்து அவள் பக்கம் தள்ளி வைப்பான்.

அன்றைக்கும் மழை. மதியம் பெங்களூரிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் சின்ன விமானத்தை ஓட்டி வந்தவர் கேப்டன் ஷேக் மதார். மேலப்பாளையத்துக்காரர். விதிப்படி ரேடியோவில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு மதார் தமிழுக்கு வந்துவிடுவார்.

"ஜெசிந்தாம்மா, இங்கன மேகம் மாவு கரைச்ச மாதிரி இருக்கு. ஒண்ணும் தெரியல. என் திரையில எட்டயபுரத்தைத் தாண்டுறேன்னு காட்டுது. உங்க காது என்ன சொல்லுது?"

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். எட்டயபுரத்தைச் சுற்றி முப்பது நாற்பது காதுக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் கூடக் கூப்பிடவில்லை.

"மழை பெய்யுதுல்ல மேடம், சத்தம் அமுங்கியிருக்கும்" என்றான் பரணி.

"போன வாரமும்தான் மழை. அப்ப கேட்டுதே."

அவள் ஒவ்வொரு வட்டாரமாகத் தள்ளிப் பார்த்தாள். கோவில்பட்டி, ஒன்றும் இல்லை. கயத்தாறு, ஒன்றும் இல்லை. திரையின் இடது ஓரத்தில், மலையடிவாரத்து ஊர்கள் இருக்கும் இடத்தில், சாம்பல் நிறத்தில் சில புள்ளிகள் மினுக்கிக்கொண்டிருந்தன.

"அது என்ன பரணி?"

"அதை விடுங்க மேடம். அது நம்பிக்கை இல்லாத காதுங்க. அந்த அடிவாரத்து ஆளுங்க சொன்னது எல்லாமே தப்பாப் போச்சு. அஞ்சு கிலோமீட்டர் தள்ளிப் போற ப்ளேனைத் தலைக்கு மேல போகுதுன்னுவாங்க. சிஸ்டம் போடுற மார்க்கு குறைஞ்சுக்கிட்டே வந்து ஜீரோ ஆயிடுச்சு. ஸ்டிக்கரை எடுத்தாச்சு. ஆனாலும் பழக்கத்துல சில பேர் கூப்பிடுறாங்க. சிஸ்டம் கேட்டுட்டுத் தூக்கிப் போட்டுடும்."

"எல்லாரும் ஒரே மாதிரியா தப்பா சொல்வாங்க?"

பரணி மறுபடியும் அந்தப் புள்ளிகளைப் பார்த்தான்.

"அதுல ஒரு போன் காலை எனக்குக் குடு."

அவன் தயங்கினான். பிறகு சாம்பல் புள்ளி ஒன்றை அழுத்தினான். ஹெட்போனில் மழைச் சத்தமும் ஒரு பெண் குரலும் சேர்ந்து வந்தன. புளியங்குடிக்கு மேற்கே, கல்லாத்துப்புதூர் என்ற ஊர். பெயர் முப்பிடாதி. பீடி சுற்றுபவர்.

"...சத்தம் கேக்குன்னு சொல்லுதேன், அந்த மிசினு நன்றி வணக்கம் நன்றி வணக்கம்னே சொல்லுது. நீ யாரு தாயி, மிசினா, மனுசியா?"

"மனுசிதான்க்கா. என் பேரு ஜெசிந்தா. இப்பவும் சத்தம் கேக்குதா?"

"கேக்கே. ஆனா என் காதுதான் பொய்க் காதாச்சே. ஊர்ல சின்னப் புள்ளைக கூட என்னைய அப்படித்தான கூப்பிடுது. கதவுல ஒட்டுன படத்த நடுத்தெருவுல எல்லாரும் பாக்க உரிச்சிட்டுப் போனாவ. சோறு எறங்கல எனக்கு ரெண்டு நாளு."

"அப்புறம் ஏன்க்கா கூப்பிடுறீங்க?"

"ஆளு இருக்குல்லா அதுக்குள்ள" என்றாள் முப்பிடாதி.

ஜெசிந்தா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "எந்தப் பக்கம் கேக்குதுக்கா?"

"மேலப்பக்கம் கேக்கு."

திரையில் உடனே எழுத்து விழுந்தது: தலைக்கு மேல்.

பரணி வரைபடத்தைப் பெரிதாக்கினான். அவன் முகம் மாறிவிட்டது. "மேடம், இந்தம்மா சொல்றது நிஜம்னா, ப்ளேன் எட்டயபுரத்துல இல்ல. மேற்கே ரொம்ப தூரம் போயிருக்கு. காத்து தள்ளிட்டுப் போயிருக்கும், செயற்கைக்கோளும் பொய் சொல்லியிருக்கு." அவன் விரலால் ஒரு கோடு போட்டான். "ஆனா பயப்பட வேண்டாம். இவங்க ஊருக்கு நேர் மேல இருந்தா, அங்கிருந்து தெற்கே முழுக்கச் சமவெளிதான். மலை இன்னும் மேற்கே இருக்கு. இப்ப போற மாதிரி நேரா தெற்கே வரச் சொல்லுங்க. மேகத்துக்குக் கீழ இறங்கினதும் ரோடு தெரியும், ரயில் பாதை தெரியும். கண்ணால பாத்தே வந்துடலாம்."

"திருப்பிவிட வேணாமா?"

"மேகத்துக்குள்ள தேவையில்லாம திருப்பறதுதான் ஆபத்து."

அவன் சொன்னது சரியாகத்தான் பட்டது. ஜெசிந்தா ரேடியோவின் பட்டனில் விரலை வைத்தாள். விமானத்தில் பதினெட்டுப் பேர். மதார் ஏற்கெனவே இறங்க ஆரம்பித்திருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் அப்படியே தொடர்ந்து இறங்குவார்.

இன்னொரு காது கூட உறுதி சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"அக்கா, பக்கத்துல வேற யாராவது இருக்காங்களா? அவங்களுக்கும் கேக்குதா?"

"மேலவீட்டு ராசக்கனி நிக்கால்லா, மழையில நனைஞ்சிக்கிட்டு. ஏட்டி, ஒனக்கும் கேக்கா? கேக்காம் தாயி. அவளுக்கு என்னைய விட நல்லாக் கேக்காம்."

"மாடியில இருக்கிறவங்களுக்கு இன்னும் தெளிவாத்தான் கேக்கும். அவங்களைப் பேசச் சொல்லுங்க."

"மாடியா?" முப்பிடாதி சிரித்துவிட்டாள். "எங்க ஊர்ல எவ மாடி கட்டுனா? எல்லாம் ஓட்டு வீடு. ஓட்டுக்கு மேல பூனைதான் குடியிருக்கும். மேலவீடும்மா, மேலவீடு. எனக்கு மேக்க இருக்க வீடு. இந்தப் பக்கம் கீழவீடு, சுடலி வீடு. அப்ப அவ என்ன பூமிக்குள்ளயா பொங்கித் திங்கா?"

அங்கே ராசக்கனியும் சேர்ந்து சிரிப்பது கேட்டது.

ஜெசிந்தாவின் விரல் பட்டனிலிருந்து தானாக எழுந்துவிட்டது.

"அக்கா, மேலப்பக்கம்னா... மேற்கா?"

"பெறவு? மலை இருக்க பக்கம்."

"அப்ப ப்ளேன் தலைக்கு நேரா போனா என்ன சொல்வீங்க?"

"உச்சிக்கு நேர போவுதும்போம். இது உச்சிக்கு இல்ல தாயி. மலைக்குள்ள கேக்கு. அதாம் பயந்துபோய் போன் அடிச்சேன்."

பரணியின் ஹெட்போனிலும் இது கேட்டது. அவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். வரைபடத்தில் அந்த ஊருக்கு மேற்கே மலை இரண்டு விரல் மாதிரிப் பிரிந்து நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கில் தெற்கே பார்த்துப் போனால், நேர் எதிரே சுவர் மாதிரி ஒரு முகடு.

"மதார், உடனே இறங்கறதை நிறுத்துங்க! ஏறுங்க. இடது பக்கம் திரும்புங்க, கிழக்கே."

"கிழக்கயா? என் திரையில நான் எட்டயபுரத்துல இருக்கேன். கிழக்க போனா கடல்ல விழுவேன்."

அவருக்கும் கணக்கு இருந்தது, திரை இருந்தது, பின்னால் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். யார் பேச்சை அவர் நம்ப வேண்டும்? ஜெசிந்தாவுக்கு விளக்கிச் சொல்ல நேரம் இல்லை.

"மதார், கல்லாத்துப்புதூர்ல ஒரு அக்கா சொல்றாங்க. சத்தம் மேலப்பக்கம் கேக்குதாம். எங்க ஊர்ப் பேச்சுல வர்ற மேல இல்ல. உங்க ஊர்ப் பேச்சுல வர்ற மேல. மேலப்பாளையம்ங்கிற பேர்ல வர்ற மேல."



"கல்லாத்துப்புதூருக்கு மேலப்பக்கமா? யா அல்லா!" என்றார் மதார். "அங்கன மலைல்லா கெடக்கு!"

எஞ்சின் உறுமுவது ரேடியோ வழியாகவே கேட்டது. பிறகு அதுவும் அறுந்துபோனது.

இருந்த ஒரே தொடர்பு அந்த போன்தான். அதில் மழை பெய்துகொண்டிருந்தது.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? கேட்டுச் சொல்லிக்கிட்டே இருங்க."

"இரி, இரி. சும்மா இரி ராசக்கனி, வாயப் பொத்து. சத்தம் பெருசாவுது... மலையில எதிரொலிக்கி... தெக்க கேக்கா, வடக்க கேக்கா, ஒண்ணும் வெளங்கல." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். "வருது. இங்கனதான் வருது. எம்மா, உச்சிக்கு நேர வருது! ஓடு அதிருது தாயி!"

பிறகு அவள் கத்தினாள். "கீழ போவுது! கீழ போவுது!"

பரணி முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். விமானம் கீழே விழுகிறது என்றே அவன் புரிந்துகொண்டான்.

ஜெசிந்தா அவன் தோளைத் தட்டினாள். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "பரணி, கிழக்குடா. கிழக்கே போகுது. சுடலி வீட்டுப் பக்கம்!"

மேகத்தை விட்டு வெளியே வந்த மதார் முதலில் பார்த்தது ஒரு குளம், பிறகு தண்டவாளம். அதைப் பிடித்துக்கொண்டே வந்து பத்திரமாக இறங்கினார். இறங்கியதும் ரேடியோவில் சொன்னார். "அந்த அக்கா ஊருக்கு நான் பிரியாணி சட்டியோட போவேன். சொல்லி வைங்க."

பரணி தன் இடத்தில் உட்கார்ந்து சாம்பல் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரல் சின்னதாகிவிட்டது.

"நான் திருவல்லிக்கேணி மேடம். எங்களுக்கு மேலன்னா மேலதான், ஆகாசம். கத்துக்குடுத்த எங்க டீம்ல ஒருத்தர் கூட இந்தப் பக்கம் கிடையாது. அவங்க மேற்குன்னு சொன்னாங்க, சிஸ்டம் தலைக்கு மேலன்னு எழுதிக்கிச்சு, அப்புறம் தப்புன்னு மார்க்கைக் குறைச்சுது. அவங்க சரியாச் சொல்லச் சொல்ல, பொய் சொல்றாங்கன்னு ஆயிடுச்சு. எத்தனை வீட்டுல ஸ்டிக்கரை உரிச்சோம்..."

"போய் ஒட்டிட்டு வரலாம்."

"நானே போறேன். கையால ஒட்டுறேன்."

முப்பிடாதி இன்னும் லைனில்தான் இருந்தாள். நன்றி சொல்லலாம் என்று ஜெசிந்தா ஹெட்போனை மாட்டினாள்.

"அக்கா, நீங்க பதினெட்டுப் பேரைக் காப்பாத்திட்டீங்க."

"நல்லாருக்கட்டும் தாயி. ஆனா எனக்கு ஒரு வருத்தம். அன்னைக்கும் நான் இதத்தான சொன்னேன். அன்னைக்கு யாரும் கேக்கல."

"என்னைக்கு?"

"போன ஐப்பசியில. படம் ஒட்டிட்டுப் போன புதுசு. இதே மாதிரி அடைமழை. ஒத்த ப்ளேன், மேலப்பக்கம் போச்சு. போன் போட்டுச் சொன்னேன். பெறவு டமார்னு ஒரு சத்தம், இடி மாதிரி. அதோட ஒண்ணும் கேக்கல. அதையும் சொன்னேன். அப்பதான் மொத மொத, ஒங்க தகவல் தப்புன்னு மிசினு சொல்லுச்சு. அந்த ப்ளேனு கடல்லல்லா இருக்குன்னுச்சு."

ஜெசிந்தாவின் பார்வை திரையின் வலது ஓரத்துக் கடலிலிருந்து இடது ஓரத்து மலைக்குப் போனது.

"தாயி? இருக்கியா?"

"இருக்கேன்க்கா" என்றாள். "எந்தப் பக்கம்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

"மேலப்பக்கம்."

பரணி அவளைப் பார்த்தான். அந்த ஐப்பசி எந்த ஐப்பசி என்று மையத்தில் எல்லாருக்கும் தெரியும். அவன் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டான், யாரும் உள்ளே போகாதபடி.

மறுநாள் மழை விட்டதும் ஜெசிந்தா கல்லாத்துப்புதூருக்குப் போனாள். பரணிதான் வண்டி ஓட்டினான். தெருவில் அவன் ஒவ்வொரு வீடாக ஏறி, மன்னிப்புக் கேட்டு, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனான். பிள்ளைகள் அவன் பின்னாலேயே போனார்கள். ராசக்கனி அவனை நிறுத்தி, "இது மேலவீடு, நல்லா எழுதிக்கோ" என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

முப்பிடாதி மடியில் முறத்தை வைத்துப் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஊரை அடுத்து வயல், வயலை அடுத்து மலை. கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. முப்பிடாதி சொன்ன பக்கமாகக் காலையில் மலை ஏறிய வனத்துறை ஆட்கள், பாறை இடுக்கில் ஒரு வெள்ளைத் தகடு தெரிகிறது, வாலில் நம்பர் இருக்கிறது என்று வயர்லெஸ்ஸில் சொல்லியிருந்தார்கள். நம்பரைப் படித்தும் காட்டினார்கள். ஜெசிந்தாவுக்கு அது மனப்பாடம்.

"ஒருத்தர்தான் இருந்தாராம்லா அதுல" என்றாள் முப்பிடாதி. "யாரு பெத்த பிள்ளையோ. அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போவல."

"என் வீட்டுக்காரர்க்கா."

முப்பிடாதியின் கத்தரிக்கோல் நின்றது. முறத்தைக் கீழே வைத்தாள். புகையிலைத் தூள் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துவிட்டு, ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வருசமா கடலைப் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள் ஜெசிந்தா. "ஆறுதல் சொல்ல வந்தவங்க எல்லாம் மேல போயிட்டாரு, மேல போயிட்டாருன்னாங்க."

முப்பிடாதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நானும் அதத்தான தாயி சொன்னேன்."

ஜெசிந்தா அவள் கையை விடாமல், உட்கார்ந்த இடத்திலேயே மெல்ல மலையைப் பார்த்துத் திரும்பினாள்.